ஸ்கிம்மரை வாங்குவதா, வீட்டில் செய்வதா?

கேள்வி: அண்ணே, எனக்கு களியக்காவிளை. 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஒரு ஜோடி க்ளவுன் மீனும் கொஞ்சம் சாஃப்ட் கோரலும் (மென்பவளம்) இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் புரோட்டீன் ஸ்கிம்மர் விலை கேட்டேன், கட்டுப்படியாகாது. பிவிசி பைப்பில் நானே செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஆனால் ஸ்கிம்மரின் உடம்பை மட்டும் செய்யுங்கள், பம்பைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

உப்புநீரில் பொடிப்பொடியான குமிழிகள் ஏறும்போது மீன் கழிவும் மிச்சத் தீனியும் கரைந்த கொழகொழப்பு அவற்றில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே கோப்பைக்கு வந்துவிடும், அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே வெளியே எடுத்துக் கொட்டிவிடலாம், ஸ்கிம்மரின் வேலை அவ்வளவுதான். குமிழி பெரிதானால் நுரையே நிற்காது. ஏர்கூலர் பம்பில் காற்றுக்குழாய் செருகுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஊசி ஊசியாக முளைத்த நீடில் வீல் இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றும் சக்கரம்) உள்ள பம்ப்தான் காற்றை அரைத்துப் பொடியாக்கும். வாங்கும்போது 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி பம்ப் நம் கரண்டில் மெதுவாகத்தான் சுற்றும். இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், கிடைக்காது என்றால் வேறு கடை பாருங்கள். எல்லை தாண்டி வாங்குகிறோம் என்று பில்லை விட்டுவிடாதீர்கள், வாரண்டி கார்டில் தேதியும் கடை முத்திரையும் வேண்டும்.

உடம்புக்கு 110 மில்லிமீட்டர் பிவிசி பைப் போதும். கழுத்தும் கோப்பையும் மட்டும் கண்ணாடி போலத் தெரியும் அக்ரிலிக்கில் இருக்கட்டும், நுரை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் சரிசெய்ய முடியாது. அக்ரிலிக்கை சிலிக்கான் ஒழுங்காகப் பிடிக்காது. பெயர் போர்டு செய்கிற கடைகளில் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டுவார்கள், கூலி கொடுத்து அவர்களிடமே விட்டுவிடுங்கள், அந்தப் புகை வீட்டுக்குள் வேண்டாம். வெளியேறும் குழாயில் பிவிசி கேட் வால்வு போடுங்கள். பித்தளை வால்வு கூடவே கூடாது, அதிலிருந்து இறங்கும் செம்பு கோரலையும் இறாலையும் கொன்றுவிடும்.

பம்புக்கும் பணம் இல்லையா, மர ஏர்ஸ்டோனும் (காற்றைக் குமிழியாக விடும் மரக்கட்டை) காற்று பம்பும் வைத்து உயரமான பைப்பில் செய்யலாம். சில வாரங்களில் அந்த ஏர்ஸ்டோன் அடைத்துக்கொள்ளும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று, கரண்ட் போய் வந்தால் சம்ப்பில் (மீன் தொட்டிக்குக் கீழே ஸ்கிம்மர் வைக்கும் சிறு தொட்டி) தண்ணீர் ஏறி, கோப்பை பொங்கி வழியும். வழிவதெல்லாம் சம்ப்புக்குள்ளேயே விழும்படி வையுங்கள். புது ஸ்கிம்மர் முதல் சில நாள் தாறுமாறாகத்தான் நுரைக்கும், அதற்குள் வால்வைத் திருகித் திருகிப் பார்க்காதீர்கள்.