கேம் மாநாட்டில் பேச பெரிய ஆளாக இருக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் பட்டர்வொர்த்தில் மூன்று வருடமாக அனிமேட்டர். தமிழ்ப்பள்ளியில் படித்தவர், ஆங்கிலத்தில் பேச வந்தால் தடுமாறுகிறது என்கிறார். மலேசிய அரசின் டிஜிட்டல் பொருளாதார நிறுவனமான எம்டெக் (MDEC) நடத்தும் லெவல் அப் கேஎல் மாதிரி கேம் மாநாட்டில் பேச விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறார்.

விண்ணப்பியுங்கள். நானும் பினாங்குக்காரன், அனிமேட்டர்தான். பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறி கோலாலம்பூர் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். இன்று சான் பிரான்சிஸ்கோவில் பல்லாயிரம் பேர் கூடும் ஜிடிசி (GDC) என்ற கேம் தயாரிப்பாளர் மாநாடு, 1988இல் கிறிஸ் கிராஃபோர்ட் என்பவர் வீட்டில் தொடங்கியது. வந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. 'நீ இதை எப்படிச் செய்தாய்' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளத்தான் கூடினார்கள். உங்களிடமும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அதனால் 'மலேசிய கேம் துறையின் எதிர்காலம்' என்றெல்லாம் தலைப்பு வைக்காதீர்கள். நான் பேசியது கால் வழுக்குவதைப் பற்றி மட்டும். எங்கள் கேமில் பாத்திரம் நொடிக்கு 4 மீட்டர் நகரும், ஓட்ட அனிமேஷனில் கால் கடப்பதோ 3 மீட்டர். மிச்ச ஒரு மீட்டருக்கும் பாதம் தரையில் சறுக்கிக்கொண்டே போகும். அனிமேஷனை வேகமாக ஓட்டினால் சறுக்கல் நிற்கும், ஆனால் பாத்திரம் பதறி ஓடுவதுபோல் ஆகிவிடும். கடைசியில் அனிமேஷன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, கால் எட்டி வைக்கும் தூரத்தையும் கொஞ்சம் நீட்டித்தான் சரிசெய்தோம். மூன்று வாரம் போனது. சரிப்படாமல் போன இரண்டு முயற்சிகளின் வீடியோவையும் காட்டினேன். அரங்கில் போனைத் தூக்கிப் படம் எடுத்தது அந்த இரண்டுக்கும்தான்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். நம் ஊர் ஸ்டுடியோக்கள் பலவற்றுக்குச் சோறு போடுவது வெளிநாட்டு கேம்களுக்குச் செய்து கொடுக்கும் வேலை. வெளியே பேசக்கூடாது என்று ஒப்பந்தம் இருக்கும். கேம் கடைக்கு வந்துவிட்டாலும், அதில் நீங்கள் செய்த வேலையைக் காட்ட எழுத்தில் அனுமதி வேண்டும். எனக்கு வாய்மொழியாகச் சரி என்றார்கள், மாநாட்டுக்கு ஆறு நாள் முன்னால் மறுத்துவிட்டார்கள். இரவோடு இரவாக கணினியில் ஒரு வெறும் சாம்பல் நிறப் பொம்மை உருவத்தை வைத்து எல்லா வீடியோவையும் திரும்ப எடுத்தேன். நீங்கள் முதலிலேயே அந்தப் பொம்மையில் செய்துவிடுங்கள். உடை, முகம் எதுவும் இல்லாததால் பார்ப்பவர் கண்ணும் நேரே காலுக்குத்தான் போகும்.

அப்புறம் ஆங்கிலம். முதலில் முழுப் பேச்சையும் தமிழில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். நான் அக்காவிடம் சொன்னேன். அவருக்கு கேம் தெரியாது. "கால் ஏன்டா வழுக்குது, அதை முதல்ல சொல்லு" என்றார். நான் அதைப் பன்னிரண்டாவது ஸ்லைடில் வைத்திருந்தேன்! தூக்கி முதலில் போட்டேன். வரிசை சரியாகிவிட்டால் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமே போதும். இடையில் மலாய் வந்தாலும் கோலாலம்பூர் அரங்கில் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

பார்வையாளராக மட்டும் போவதென்றாலும் போங்கள். எல்லா உரைக்கும் உட்கார வேண்டியதில்லை. ஜிடிசி உரைகள் பல யூடியூபில் இலவசமாகவே கிடக்கின்றன. வெளியே தேநீர் மேசைப் பக்கம் நில்லுங்கள், உங்கள் வேலையின் முப்பது விநாடி வீடியோ போனில் தயாராக இருக்கட்டும். நெட் இல்லாமலும் ஓட வேண்டும்.

பேசி முடித்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். நான் இறங்கியதும் சுங்கை பட்டாணியிலிருந்து வந்த ஒரு மாணவி மடிக்கணினியோடு நின்றாள். "அண்ணா, என் கேம்லயும் இப்படித்தான் வழுக்குது" என்றாள். தரையிலேயே உட்கார்ந்து திறந்து பார்த்தோம். அவளுடைய பாத்திரம் பின்னோக்கி நடக்கும்போது மட்டும் வழுக்கியது. அதை நான் யோசித்ததே இல்லை.