ஷார்ட்ஸ் பார்வைகள் ஏறியும் சந்தாதாரர்கள் கூடாதது ஏன்?

தையல் சொல்லித்தரும் உங்கள் யூடியூப் ஷார்ட்ஸ் ஆயிரக்கணக்கில் பார்க்கப்பட்டும் சந்தாதாரர் எண்ணிக்கை அசையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பார்வைக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று யூடியூப் எண்ணுகிறது. உடனே விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அதில் அடக்கம். சேனல் நடத்துபவர்கள் கணக்குகளைப் பார்க்கும் யூடியூப் ஸ்டுடியோவில், எத்தனை சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டார்கள் என்ற விவரம் இருக்கிறது. அதைப் பாருங்கள்.

தள்ளிவிடுபவர்கள் அதிகமென்றால் கோளாறு பெரும்பாலும் முதல் இரண்டு விநாடியில்தான். "வணக்கம், இன்று நாம் பார்க்கப்போவது..." என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் போய்விடுவார். ரவிக்கையின் கழுத்து வளைவு சுருங்கி நிற்பதை நெருக்கத்தில் காட்டுங்கள். அடுத்து, தையலுக்கு வெளியே விட்ட துணியில் கத்தரியால் சிறு வெட்டுகள் கொடுத்துத் திருப்பியதும் அது அழகாகப் படிவதைக் காட்டுங்கள். அறிமுகம் பிறகு வரட்டும். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. திரையில் எழுத்து போடுங்கள்.

நின்று பார்த்தும் சந்தா சேரவில்லையா? இன்று தையல், நாளை கோலம், மறுநாள் சாம்பார் என்று போட்டால் எதற்காகச் சேர்வது என்று அவருக்குத் தெரியாது. ரவிக்கைக் கோளாறுகளையே தொடராகப் போட்டு, ஒவ்வொன்றிலும் தொடர்புடைய நீண்ட காணொளியை இணையுங்கள்.

காசு கொடுத்துச் சந்தாதாரர் வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது யூடியூப் விதிகளுக்கு எதிரானது. ஷார்ட்ஸ் பார்வைகளைக் கொண்டே விளம்பர வருவாய்க்குத் தகுதி பெற 1,000 சந்தாதாரர்களோடு 90 நாளில் 1 கோடி பார்வைகளும் வேண்டும். அதிலும் தள்ளிவிட்டவர்களைக் கழித்த கணக்கே செல்லும்.