சிங்கப்பூரில் ஒரு வார இறுதி: ஓவியம், கச்சேரி, இரவு வாழ்க்கை எல்லாவற்றையும் அதிகச் செலவில்லாமல் ரசிப்பது எப்படி?

சனிக்கிழமை இரவு என்றதும் பலரும் ஆற்றங்கரையில் பார்கள் நிறைந்த கிளார்க் கீ பக்கம்தான் கைகாட்டுவார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் அங்கே ஒரு பீருக்குக் கொடுக்கிற காசில் உணவங்காடியில் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம். நானாக இருந்தால் பாடாங் திடலைச் சுற்றியே அன்றைய பொழுதை ஓட்டுவேன்.

மதியம் மூன்று மணிக்கே தேசியக் கலைக்கூடத்துக்குள் நுழைந்துவிடுங்கள். ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள். பழைய உச்ச நீதிமன்றத்தையும் சிட்டி ஹாலையும் இணைத்து 2015இல் திறந்தது. 1945இல் ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்துப் போட்டது இந்த சிட்டி ஹாலில்தான். பழைய நீதிமன்றப் பகுதியில் கைதிகளை அடைத்து வைத்த அறைகூட இருக்கிறது. கலைக்கூடத்திடம் உள்ள ஓவியங்களில் எனக்குப் பிடித்தது சுவா மியா டீயின் ‘தேசிய மொழி வகுப்பு’. மேசையைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து தேசிய மொழியான மலாய் படிக்கிறார்கள். கரும்பலகையில் இரண்டே கேள்விகள்: உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய்? சிங்கப்பூருக்குச் சுயாட்சி கிடைத்த 1959இல் வரைந்தது. அந்த வருடத்தில் இந்தக் கேள்விகள் வெறும் பாடமாகவா இருந்திருக்கும்! குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம்.

அங்கிருந்து எஸ்பிளனேடு கலையரங்கம் நடக்கிற தூரம்தான். திறந்தவெளி அரங்கில் வார இறுதி மாலைகளில் பெரும்பாலும் இலவசக் கச்சேரி இருக்கும். நவம்பரில் வந்தால் கலா உற்சவம் என்ற இந்தியக் கலை விழா. கால் வலிக்கவில்லை என்றால் கரையோரப் பூந்தோட்டத்தில் 8.45 மணி ஒளிக்காட்சி, அதுவும் இலவசம்.

சரி, குடிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது, கடையில் வாங்கவும் முடியாது. 2013இல் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த கெடுபிடி. அந்த வட்டாரத்தில் சனி, ஞாயிறு முழுக்கவே பொது இடத்தில் குடிக்கத் தடை. உரிமம் உள்ள பாருக்குள் உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை. தமிழ்ப் பாட்டுக்கு ஆட வேண்டும் என்றால் அந்தப் பக்கம்தான் தேட வேண்டும்.

எம்ஆர்டி ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். அதற்குப் பிறகு டாக்சி மீட்டரில் பாதி கூடுதலாக ஏறும். ஆகவே நண்பர்களோடு பங்கு போட்டு ஏறுங்கள், அப்படியே விடிய விடியத் திறந்திருக்கும் பிராட்டா (பரோட்டா) கடை ஒன்றில் இறங்குங்கள்.

ஞாயிறு தாமதமாக எழுந்தாலும் கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்துக்கு நேரம் இருக்கும். திங்களுக்குத் தள்ளிப்போடாதீர்கள், அன்று விடுமுறை.