ஏசிஎல் கிழிந்த முழங்காலோடு மோட்டோகிராஸ் (மேடுபள்ளமான மண்தடத்தில் நடக்கும் பைக் பந்தயம்) ஓட்ட முடியுமா?

முடியும், சிலர் ஓட்டவும் செய்கிறார்கள். கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் திருகாமலும் பிடித்துவைப்பதுதான் முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநாரின் வேலை. நேர்ப்பாதையில் ஃபுட்பெக் (கால்வைக்கும் கட்டை) மேல் முழங்காலை மடக்கி நின்று ஓட்டும்போது, வலுவான தொடைத்தசையும் முழங்காலில் மாட்டும் பிரேஸும் அந்தக் குறையை ஓரளவு மறைத்துவிடும். ஆபத்து வளைவில்தான். உள்பக்கக் காலை முன்னே நீட்டிச் சாய்கிறோம்; பூட்ஸின் நுனி சக்கரத் தடத்தில் சிக்குகிறது; வண்டி நிற்பதில்லை. அந்தத் திருகலைத் தடுக்கும் நார்தான் இப்போது இல்லையே! மூட்டு நழுவினால் உள்ளே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் சவ்வும் கிழியும். பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானத்துக்கு அதுவே வழி.

ஆஸ்திரேலிய வீரர் ஜெட் லாரன்ஸ் 2025 பிப்ரவரியில் அரிசோனாவின் கிளெண்டேலில் ஏசிஎல் கிழிந்ததும் சூப்பர்கிராஸ் (அரங்குக்குள் நடக்கும் மோட்டோகிராஸ்) பட்டத்தை விட்டுவிட்டு அறுவைசிகிச்சைக்குப் போனார். மே மாதம் திரும்பி மோட்டோகிராஸ் தொடரின் முதல் போட்டியிலேயே வென்றார். அந்த ஆண்டின் 450 சிசி பிரிவு மோட்டோகிராஸ் பட்டமும் அவருக்கே. எல்லோரும் அவ்வளவு விரைவில் திரும்ப முடியாது. பொதுவாக ஒன்பது மாதமாவது பிடிக்கும்.

பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, தொடரில் இரண்டே போட்டி மிச்சமென்றால் ஓட்டுபவரைக் குறைசொல்ல மாட்டேன். பருவத்தின் தொடக்கத்திலேயே கிழிந்தால் ஓட்டுவது வீம்பு. நடக்கும்போதே மூட்டு நழுவுகிறதென்றால் பேச்சுக்கே இடமில்லை.