இரட்டைக் கட்டைவிரல்: நூல் கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது மாதம். வலது கையில் கட்டைவிரல் இரண்டு; இரண்டிலும் நகம் இருக்கிறது, தொட்டால் எலும்பும் தட்டுப்படுகிறது. கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதுதான் காரணம் என்கிறார் மாமியார். நூல் கட்டினால் விழுந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அதிர்ஷ்ட விரல், விட்டுவிடு என்கிறார் அப்பா. என்ன செய்வது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: கிரகணப் பேச்சை முதலில் மனத்தை விட்டு எடுத்துவிடுங்கள், அம்மா. கருவில் கை உருவாவது ஏறக்குறைய 4 முதல் 8 வாரத்துக்குள். பிள்ளை உண்டாகியிருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரியவரும். நீங்கள் நறுக்கிய கத்தரிக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கையில் மட்டும் வரும் இரட்டைக் கட்டைவிரல் பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் இல்லை.

நூல் மட்டும் கட்டிவிடாதீர்கள். எலும்புள்ள விரல் அது. கருத்துப்போய்ச் சீழ் பிடிக்கலாம்; விழுந்தாலும் முண்டு மிஞ்சி, நரம்பு முனை தொட்டாலே வலிக்கும். அதைவிட முக்கியம், அந்த விரலில் உள்ள சில பாகங்கள் உங்கள் மகனுக்குத் தேவை.

இந்த அறுவை வெறுமனே ஒரு விரலை வெட்டி எடுப்பதில்லை. இரண்டை வைத்து உறுதியான ஒரு விரலை அமைப்பது. பெரும்பாலும் வெளிப்பக்க விரல்தான் சிறியது, அதைத்தான் எடுப்பார்கள். சாவியைப் பிடித்துத் திருப்பும்போது அழுத்தத்தைத் தாங்கும் உட்பக்கத் தசைநார் மற்ற விரலில் சேதமில்லாமல் இருக்கும். எடுக்கும் விரலின் வெளிப்பக்கத் தசைநாரையும் அதோடு ஒட்டிய தசையையும் பிரித்து, தங்கும் விரலில் தைப்பார்கள். அகன்ற எலும்புத் தலையைச் சீவி, கோணல் இருந்தால் நேராக்கி, மெல்லிய கம்பி ஒன்றைச் செருகுவார்கள். கம்பியும் கட்டும் சுமார் 4 முதல் 6 வாரம். இதெல்லாம் செய்யாமல் வெறுமனே வெட்டிவிட்டால் மூட்டு தளர்ந்து, விரல் நெளிந்துபோகும். இரண்டு விரலும் ஒரே அளவில் இருந்தால் முறை வேறு. எக்ஸ்ரே பார்த்து முடிவு செய்வார்கள்.

ஒரு வயதை ஒட்டிச் செய்வது நல்லது. கீழே கிடக்கும் சோற்றுப் பருக்கையைக் கிள்ளி எடுக்கப் பழகும் பருவம் அது; புது விரலாலேயே பழகிக்கொள்வான். உங்கள் அப்பாவின் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாளை பென்சில் பிடிப்பதும் சட்டைப் பொத்தான் போடுவதும் பேரன்தானே? அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், நேரில் கேட்கட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். தங்கும் விரல் இடது கட்டைவிரலைவிடச் சற்று மெலிந்தே இருக்கும். வளரும்போது சாயவும் கூடும். சிலருக்கு இன்னொரு அறுவை தேவைப்படும். அதனால் வளர்ச்சி முடியும்வரை அப்பாயிண்ட்மெண்டைத் தவறவிடாதீர்கள்.

இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்கில் பிள்ளையைக் காட்டி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் எலும்பியல் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அவன் விளையாடும்போது எந்த விரலை மடக்குகிறான், எதை வைத்துப் பொருளைப் பிடிக்கிறான் என்று கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரைக் கண்டதும் பிள்ளைகள் கையை இறுக மூடிக்கொள்வார்கள்.