ஃப்ளோட்டிங் பாயின்ட் (சுருக்கமாக ஃப்ளோட்: புள்ளி வைத்த எண்களை நேரடியாகக் கையாளும்) வசதி இல்லாத சிறு சிப்பில் பின்னக் கணக்குகளை எப்படிப் போடுவது?

“நினைவகம் 8 கிலோபைட்தான். ஃப்ளோட் சேர்த்தால் நிரம்பிவிடுகிறது. சைன், வர்க்கமூலம் எல்லாம் வேண்டும்” என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் எலெக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்க்கிறவன் நான். பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கணக்கை ரூபாயில் எழுதாமல் பைசாவில் எழுதினால் புள்ளிக்கு வேலையில்லை அல்லவா? ஃபிக்ஸட் பாயின்ட் அவ்வளவுதான். சிப்புக்கு நூறைவிட இரண்டின் அடுக்கு சுலபம் என்பதால், 1 என்பதை 65536 என்று வைத்துக்கொள்வார்கள். 32 பிட்டில் (0 அல்லது 1 எழுதும் 32 இடங்களில்) மேல் 16 முழு எண், கீழ் 16 பின்னம். கூட்டல், கழித்தலில் மாற்றமில்லை. பெருக்கினால் விடையை 16 பிட் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். வகுப்பதாக இருந்தால் வகுபடும் எண்ணை முன்கூட்டியே இடப்பக்கம் நகர்த்த வேண்டும்.

இது நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த கணக்குதான். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. ‘முக்காலே மூன்று வீசம்’ என்பதை நான்கு பின்ன பிட்டில் எழுதிப் பாருங்கள்: முக்கால் 1100, மூன்று வீசம் 0011, சேர்த்தால் 1111. அதற்கு மேல் நான்கு பிட்டில் இடமே கிடையாது!

இனி என் கூத்து. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைத் தராசுக்கு ஏடிமெகா8 சிப்பில் புது போர்டு செய்து கொடுத்தேன். எடை கிராமில், விலை பைசாவில். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் தொகை. மல்லிகை கிலோ முந்நூறு, நானூறு ரூபாய்க்கு விற்ற கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. தை மாத முகூர்த்தத்தில் விலை 1,800 ரூபாய்க்கு ஏறியது. ஒரு விவசாயி அம்மா 12 கிலோ பூவை வைத்தார். திரையில் வந்தது: −21349.67.

“ஏன் தம்பி, பூவையும் கொடுத்துவிட்டுப் பணத்தையும் நானே தர வேண்டுமா?” என்று கேட்டார். கடை முழுக்கச் சிரிப்பு.

12,000 கிராமை 1,80,000 பைசாவால் பெருக்கினால் 216 கோடி. குறியுள்ள (எதிர்மறையும் ஆகக்கூடிய) 32 பிட் எண் 2,14,74,83,647 வரைதான் தாங்கும். அதைத் தாண்டியதும் எதிர்மறையாகத் திரும்பிவிட்டது. இறுதி விடையான 21,60,000 பைசா தாராளமாக அடங்கும். இடையில் வரும் பெருக்கல்தான் உடைந்தது. 64 பிட் கணக்கு அந்தக் குட்டிச் சிப்பில் இடத்தை விழுங்கும். எனவே முழுக் கிலோவைத் தனியே விலையால் பெருக்கினேன். மீதிக் கிராமை மட்டும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துக் கூட்டினேன். இப்போது கிலோ 9,999 ரூபாய் என்றாலும் உடையாது.

தராசு காட்டுவதைச் சரியான எடைக்கு ஒத்துவைக்கும் அளவுத்திருத்தத்திலும் இதே இழுபறிதான். ஒரு கிராமுக்கு 43.7 எண்ணிக்கை தரும் லோட் செல்லில் (எடையை உணரும் பாகம்) ஓர் எண்ணிக்கையின் மதிப்பு 1/43.7 கிராம். அதை 65536 அளவில் எழுதினால் 1499.68, முழுமையாக்கினால் 1500. பன்னிரண்டு கிலோவில் இரண்டரை கிராம் கூடுதலாகக் காட்டும். பின்னத்துக்கு 20 பிட் கொடுத்தால் பிழை ஒரு கிராமுக்கும் கீழே போகும், ஆனால் பெருக்கல் 32 பிட்டைத் தாண்டும். பூவுக்கு இரண்டரை கிராம் பெரிதல்ல என்று விட்டுவிட்டேன். நகைக்கடை என்றால் விட்டிருக்க மாட்டேன்.

சைனுக்கு, முழு வட்டத்தை 360 என்று வைக்காமல் 65536 என்று வையுங்கள். 16 பிட் எண் நிரம்பி வழிந்தாலும் கோணம் தானாகவே சுழியத்துக்கு வந்துவிடும். இங்கே மட்டும் ஓவர்ஃப்ளோ நமக்கு நண்பன். கால் வட்டத்துக்கு ஓர் அட்டவணை போதும். அதற்கும் இடமில்லை என்றால், கோணத்தைச் சிறுசிறு சுழற்சிகளாகப் பிரித்துச் சைனைக் கண்டுபிடிக்கும் கார்டிக் முறை இருக்கிறது. பி-58 குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டிக் கணினிக்காக ஜாக் வோல்டர் உருவாக்கி 1959இல் வெளியிட்டது. கூட்டல், பிட் நகர்த்தல், சிறு அட்டவணை ஒன்று, இவ்வளவே தேவை. தொடக்க மதிப்பை 39797 என்று வைத்தால் (0.60725ஐ 65536ஆல் பெருக்கியது) சுழற்சிகளில் மதிப்பு பெருகிவிடுவதைக் கடைசியில் தனியே திருத்த வேண்டாம். வர்க்கமூலத்தை மேல் பிட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்து எடுக்கலாம். 32 பிட் முழு எண்ணுக்கு 16 சுற்று.

சிப்பில் ஏற்றுவதற்கு முன் இதே நிரலைக் கணினியில் 32 பிட் எண்களோடு ஓட்டி, சாதாரண ஃப்ளோட் விடையோடு ஒப்பிடுங்கள். பெரிய எடை, பெரிய விலை இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துப் பாருங்கள். நான் கோடை விலையை மட்டுமே கொடுத்துப் பார்த்திருந்தேன்.