ஸ்டெராலும் பாக்டீரியாவின் கொழுப்புறையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஸ்டெரால் நொதித்தலில் செல்லுறையின் லிப்பிடுகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? (முதுநிலை மாணவி, பென்னாகரம்)

பதில்: ஸ்டெரால், அதாவது தாவர எண்ணெயில் உள்ள, கொலஸ்ட்ராலை ஒத்த பொருள், தண்ணீரில் ஏறக்குறைய கரையாது என்பதால்தான். அதைப் பாக்டீரியாவைக் கொண்டு ஸ்டீராய்டு மருந்துகளின் மூலப்பொருளாக மாற்றுவதே இந்த நொதித்தல்; லிப்பிடு என்பது அந்தப் பாக்டீரியாவின் உறையில் உள்ள கொழுப்பு. சோயா ஸ்டெராலைக் குடுவையில் இட்டுக் குலுக்கிப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக மிதந்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கண்ணாடியில் வளையமாக ஒட்டிக்கொள்ளும். சோயா ஸ்டெராலின் முக்கியக் கூறான சிட்டோஸ்டெராலில் உள்ள 29 கார்பன்களில் பக்கச் சங்கிலியின் 10-ஐ மட்டும் அகற்றி, ஸ்டீராய்டு மருந்துகளுக்கு மூலப்பொருளான 19 கார்பன் ஆண்ட்ரோஸ்டீன்டையோனை நமக்குத் தருபவை, ஸ்டெராலின் கார்பன் வளையங்களை உடைக்கும் நொதிகள் முடக்கப்பட்ட மைக்கோலிசிபாக்டீரியம் என்னும் பாக்டீரியா வகைகள். இவற்றின் வெளியுறையில் 60 முதல் 90 கார்பன் வரை நீளும் மைக்காலிக் அமிலங்கள் என்னும் கொழுப்பமிலங்கள் அடர்ந்திருக்கின்றன. இதைத் தடைச்சுவர் என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே என்பது என் கருத்து. நீரை விலக்கும் இந்த மேற்பரப்பு இருப்பதால்தான் செல்கள் ஸ்டெரால் துகளின்மீது படிந்து, அதை நேரடியாகப் பற்றிக்கொள்ள முடிகிறது. அதன்பின் உள்ளே கொண்டுசெல்வது எம்சிஇ4 என்னும் கடத்திப் புரதத் தொகுதியின் வேலை.

கேள்வி: உறையைத் தளர்த்தினால் விளைச்சல் கூடுமா? (மருந்து ஆலை ஊழியர், ஓசூர்)

பதில்: கூடும், ஆனால் ஓர் எல்லை வரைதான். கிளைசின் என்னும் அமினோ அமிலம் செல்சுவரின் பெப்டிடோகிளைக்கான் பின்னலைக் குலைக்கிறது; எத்தாம்பியூட்டால் என்னும் காசநோய் ஆன்டிபயாட்டிக் அச்சுவரின் சர்க்கரைச் சங்கிலியான அராபினான் உருவாவதைத் தடுப்பதால், மைக்காலிக் அமிலங்கள் பற்றி நிற்கும் இடங்களே குறைந்துவிடுகின்றன. வளைய வடிவச் சர்க்கரைச் சேர்மமான சைக்ளோடெக்ஸ்ட்ரின் இரட்டை வேலை செய்கிறது: ஸ்டெராலைத் தன் குழிக்குள் ஏந்தி நீரில் கரைப்பதோடு, செல்லுறையின் ஊடுருவுதிறனையும் கூட்டுகிறது, விலைதான் இடிக்கும். அளவு மீறினால் செல் வளர்ச்சி விழும், அதோடு விளைபொருளான ஸ்டீராய்டே சவ்வுக்குள் புகுந்து செல்லை நலிவிக்கும். ஆலைத் தொட்டியில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் அதன் எச்சத்தைக் கழிவுநீரிலிருந்து நீக்குவது தனித் தலைவலி. மைக்காலிக் சங்கிலியை நீட்டும் கேஏஎஸ்பி மரபணுவை நீக்கி, செல் சாகாமலே உறையைத் தளர்த்தும் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: எங்கள் பக்கத்து நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்து ஸ்டெரால் எடுக்கலாமா? (விவசாயி, அரூர்)

பதில்: கட்டுப்படியாகாது. ஸ்டெரால் பெரும்பாலும் எண்ணெயோடு போய்விடும். ஸ்டெராலுக்காக ஆலைகள் பெரும்பாலும் வாங்குவது, எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மணம் நீக்கும்போது வடியும் கசடைத்தான். செக்கெண்ணெயில் அந்தக் கட்டமே இல்லை.

கேள்வி: இந்தப் பாக்டீரியா காசநோய்க் கிருமியின் உறவினமாமே, ஆபத்தில்லையா? (ஆசிரியர், கிருஷ்ணகிரி)

பதில்: உறவினம்தான். காசநோய்க் கிருமியும் இதே எம்சிஇ4 வழியாகவே நம் உடலின் கொலஸ்ட்ராலை உண்கிறது. ஆனால் ஆலைகளில் வளர்க்கும் மைக்கோலிசிபாக்டீரியம் நியோஆரம் உடல்நலமுள்ளவரை அரிதாகவே தாக்கும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம், குறிப்பாக இரத்தக்குழாயில் நெடுநாள் குழாய் பொருத்தியிருப்பவர்களிடம், தொற்று பதிவாகியுள்ளது. ஆகவே அத்தகையோரை இப்பணியில் அமர்த்தக் கூடாது. வளர்ப்பூடகத்தில் உள்ள கிருமிகளையும் ஆட்டோகிளேவில், அதாவது உயரழுத்த நீராவிக் கலனில், கொன்ற பிறகே அதைக் கொட்ட வேண்டும்.